பதினெட்டுச் சாக்கு

தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று நான் சொன்னதும் உங்கள் பொலிஸ்காரர் எனக்கு நீரிழிவு என்று முடிவு கட்டிவிட்டார். அப்படி ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்று வயதில் என் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று போன மாதம்தான் பரிசோதித்துச் சொன்னார்கள். சீனியை நான் விட்டது இருபத்தைந்தாவது வயதில், ஒரு பழைய புத்தகத்தில் நாலு வரி வாசித்த அன்றைக்கு. சீனி வெள்ளையாகப் பிறப்பதில்லை. ஐரோப்பாவில் அதை வெளுக்க வைக்க மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரி வழியாகப் பாகை வடித்தார்கள். இருநூறு வருடத்துக்கு முன் தொடங்கிய வேலை. சில இடங்களில் இன்றைக்கும் நடக்கிறது. நான் பிறவிச் சைவம். அன்றிலிருந்து கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடிக்கிறேன். இதைச் சொன்னதும் நீங்கள் உங்கள் கோப்பையை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தீர்கள். மன்னிக்க வேண்டும். இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து மட்டும் கேட்காமல், தாளையும் பேனையையும் தந்து தமிழில் என்னையே எழுத விட்டீர்கள். அதற்கு நன்றி. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அதுவும் உங்கள் கேள்வி அல்ல, பூவம்மாவுடையது. நமுனுகுல மலையடிவாரத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்த அந்த அம்மா இரண்டு நாளாக உங்கள் நிலைய வாசல் மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று அவர் ஒருமுறைகூட விசாரிக்கவில்லையாம். தன் மகள் கௌசிகா இப்போது எந்த இடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், அங்கே போய் ஒரு பிடி மண் அள்ளிவந்து மறுபடி புதைத்துக்கொள்வேன் என்கிறாராம். நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

என் பெயர் ரெங்கசாமி. பதுளையில் வயலுக்கு உரம் விற்கிற பசளைக் கடை வைத்திருக்கிறேன். கோயில் பரிபாலன சபையில் பதினோரு வருடம் பொருளாளராக இருந்தவன். ஊரில் என் பெயர் தெரியாதவர்களுக்கும் என் கரும்பலகை தெரியும். கடை வாசலில், மழை படாத இடத்தில், தினமும் காலையில் ஒரு சரித்திரத் துணுக்கு எழுதிவைப்பேன். யாருக்கும் பிரயோசனம் இல்லாத, ஆனால் வாசித்தவன் நாள் முழுக்க மறக்க முடியாத விஷயமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ரோமாபுரிக்காரர்கள் மூத்திரத்தால் துணி வெளுத்ததை எழுதியிருக்கிறேன். எகிப்தியப் பிணங்களைப் பொடிசெய்து ஐரோப்பியர்கள் மருந்து என்று விழுங்கியதையும் எழுதியிருக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் வாசித்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். சுளித்துவிட்டு, வெற்றிலைச் சாற்றை என் கடைப் படியிலேயே துப்பிவிட்டுப் போகும். ஒவ்வொரு காலையும் பலகை எழுதுமுன் அந்த எச்சிலை நான்தான் கழுவிவிட வேண்டும். அறிவைத் தருகிறவனுக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

இருபது வருடத்தில் ஒரே ஒரு ஆள்தான் என் பலகையில் பிழை பிடித்தது. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து பார்த்தால் தெரியும் என்று எழுதியிருந்தேன். பள்ளிக்கூடச் சீருடையில், கழுத்தில் சிவப்பு நூலில் ஒரு தகரத் துண்டு தொங்க, ஒரு பிள்ளை படியேறி வந்தது.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. அது அங்கேர்ந்து தெரியாதாம். எங்க ஸ்கூல் சேர் சொன்னாங்க.”

விசாரித்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னதுதான் சரி. மறுநாள் பலகையில் திருத்தம் எழுதி, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நல்ல பேனை கொடுத்தேன். அதுதான் கௌசிகா. அதன்பின் வாரத்தில் இரண்டு நாளாவது பலகை முன்னால் நின்று வாசித்துவிட்டுத்தான் பஸ் ஏறும். கழுத்திலிருப்பது என்னவென்று கேட்டேன். கொள்ளுத்தாத்தா இந்தியாவிலிருந்து வரும்போது கட்டிக்கொண்டு வந்தது என்றது. பதினாறாவது வயதில், லீவு நாளில் தாய்க்கு ஒத்தாசையாகக் கொழுந்தெடுக்கப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்துப்போனது. பத்திரிகையில் நாலு வரி போட்டார்கள். அன்றைக்கு நான் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு மனம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி எலும்புக்கு வருவோம். பசறை வீதியில் எனக்கு ஒரு எலும்பு ஆலை இருக்கிறது. மாட்டெலும்பை அவித்துக் காயவைத்து அரைத்தால் எலும்புத்தூள்; கிழங்குக்கும் கரட்டுக்கும் அதைப்போல ஒரு பசளை இல்லை. இறைச்சிக் கடைகளில் எலும்பு சேர்த்துக் கொண்டுவருகிறவர் ஜௌபர், நல்ல மனிதர், இருபது வருடப் பழக்கம். அந்த ஆலைக்குள் நான் மூக்கில் துணி கட்டாமல் போனதில்லை. வேகிற எலும்பின் நாற்றம் சட்டையில் ஏறி, தலைமயிரில் ஏறி, ராத்திரி தலையணைக்கும் வந்துவிடும். வீட்டுக்குள் போகுமுன் பின்பக்கத்தில் இரண்டு தரம் குளிப்பேன். சைவக்காரனுக்கு இந்தத் தொழில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் அதை விற்கிறேன், தின்பதில்லை.

2021ஆம் வருடம் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்களே, அது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வெலிமடைப் பக்கத்து விவசாயிகள் விடியும் முன்னமே கடை வாசலில் வந்து நிற்பார்கள். உருளைக்கிழங்குச் செடி மஞ்சளாகி நிற்கிற படத்தை ஃபோனில் காட்டி அழுவார்கள். ஒருவர் என் காலைத் தொட்டார்; எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எலும்புத்தூள் எங்கே என்றுதான் எல்லாருக்கும் கேள்வி. ஜௌபரோ கையை விரித்துவிட்டார். மாடு அறுக்கிற அளவுக்குத்தானே எலும்பு வரும். கடையில் சாக்குகளை மடித்து வைத்துவிட்டு நானும் பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு காலை நான் எழுதிய துணுக்கு இது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போர்க்களத்தில் கிடந்த எலும்புகளை, மனித எலும்பு குதிரை எலும்பு என்று பார்க்காமல் கப்பலில் ஏற்றி, இங்கிலாந்தின் ஆலைகளில் அரைத்து வயலுக்குப் போட்டார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகையே எழுதியிருக்கிறது. மறுநாள் எழுதியது எகிப்துப் பூனைகளைப் பற்றி. ஆயிரக்கணக்கான வருடம் துணி சுற்றிப் பாதுகாத்து வைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூனைகளை லிவர்பூலில் ஏலம் போட்டுப் பசளையாக்கினார்கள். வாசித்த ஒரு பெண் “சீ” என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இங்கிலாந்துக்காரர்கள் அந்த வயலில் விளைந்த கோதுமையில்தான் ரொட்டி தின்றார்கள். அந்த ரொட்டி தின்று வளர்ந்தவர்கள்தான் இங்கே துரைமாராக வந்தார்கள். ஒருவருக்கும் வயிறு வலித்ததாகச் சரித்திரத்தில் இல்லை.

அந்தக் கார்த்திகை மழையில் நமுனுகுலத் தோட்டத்தின் மேற்பிரிவில் மண் சரிந்தது. தோட்டச் சனம் குடியிருக்கிற லயத்துக்கு மேலே இருந்த மயானம் அப்படியே வழுகி இறங்கிவிட்டது. தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுகிற தம்பையா, முழங்கால்வரை சேறோடு கடைக்கு வந்து நின்றார். பழைய சாக்கு இருந்தால் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

“மேட்டுல கெடந்த எங்க சனமெல்லாம் ரோட்டுக்கு வந்துருச்சுங்க ஐயா. பெரியவங்க, புள்ளைங்க, எல்லாம். காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப கால்ல மிதிபடுது. அள்ளி எடுத்துப் பொதைக்கணும்.”

“எங்கே புதைப்பீர்கள்?”

“அதாங்க தெரியல. தோட்டத்து துரை வேற எடம் காட்ட மாட்டேங்கிறாரு. நாய் வேற வருதுங்க.”

நான் சாக்கு கொடுத்தேன். கற்பூரமும் வெள்ளைத் துணியும் கொடுத்தேன். அதோடு, புதைக்க இடம் தேடி அலைய வேண்டாம், எல்லாவற்றையும் என் லொறியில் கதிர்காமத்துக்குக் கொண்டுபோய் மாணிக்க கங்கையில் முறைப்படி கரைத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். தம்பையா கையெடுத்துக் கும்பிட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் சேர். சொன்னபோது நான் மனதாரச் சொன்னேன்.

இரண்டு நாள் அந்தச் சனம் சேற்றில் குனிந்து பொறுக்கியது. நான் குடையோடு நின்று பார்த்தேன். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது; ஒரு ரோஜாச் செடி, ஒரு குரோட்டன் கிளை, அவ்வளவுதான் அடையாளம். அதுவும் சரிந்துபோய்விட்டது. ஆனாலும் இது எங்க மாமா, இது எங்க ஆத்தா என்று சொல்லிச் சொல்லிச் சாக்கில் போட்டார்கள். கழுவக்கூட இல்லை. ஈரமும் வேரும் புழுவுமாக அப்படியே மடியில் வைத்துக் கட்டி அழுதார்கள். லொறிக்குப் பின்னால் போய் நின்று கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். பதினெட்டுச் சாக்கு நிறைந்தது.

பூவம்மா சாக்கில் போடவில்லை. மகளின் வெள்ளைச் சீருடைத் துணியில் மூட்டையாகக் கட்டி, என் கையிலேயே கொண்டுவந்து தந்தார்.

“கௌசிகாங்க ஐயா. நீங்ககூட பேனா குடுத்தீங்களே. கழுத்துல கெடந்த தகரத்தையும் உள்ளயே வச்சுட்டேன். இவள மத்தவங்களோட கலந்துறாதீங்க. கூட்டத்துல கூச்சப்படுவா.”

கலக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை.

நமுனுகுலத்திலிருந்து இறங்கிவந்தால் பசறையில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மொனராகலை வழியாகக் கதிர்காமம். மற்றது பதுளை. அந்தச் சந்தியில் லொறியை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தேன். மழை கொட்டுகிறது, மொனராகலைப் பாதையிலும் மண் விழுந்திருக்கிறது என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். இன்னொரு பக்கம், கடை வாசலில் என் காலைத் தொட்ட விவசாயி. ஆற்றில் போட்டால் மீன் தின்னும். வயலில் போட்டால் மனிதன் தின்பான். எது புண்ணியம் என்று உங்களிடம் நான் கேட்கவில்லை, என்னிடமே கேட்டுக்கொண்டேன். பிறகு லொறியைப் பதுளைப் பக்கம் திருப்பினேன்.

ஒவ்வொரு மே தினத்துக்கும் மேடை போட்டு என்ன பேசுகிறார்கள்? இந்த மக்கள் தேயிலைக்கு உரமானார்கள் என்கிறார்கள். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், சிலர் கண்ணைத் துடைக்கிறார்கள். இருநூறு வருடமாக எல்லாரும் வாயால் சொல்லி மாலை வாங்கிக்கொண்டதைத்தான் நான் ஆலையில் செய்தேன். எனக்கு மட்டும் விலங்கு. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே துரைமார் எலும்புத்தூளை இந்த மலைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். மன்னாரில் கப்பலிறங்கி இந்த மலைக்கு நடந்து வந்து வழியில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை, எடுக்கவுமில்லை. நான் எடுத்தேன். கற்பூரம் ஏற்றித்தான் ஆலையைத் தொடங்கினேன். அரைத்து முடித்த நாளிலிருந்து பதினாறு நாள், சொந்தத்தில் செத்தால் எப்படியோ அப்படியே துடக்குக் காத்துக் கோயில் பக்கமே போகவில்லை. யாரோ பெற்ற சனத்துக்கு இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்?

அரைப்பு பாதியில் இருக்கும்போது ஜௌபர் சொல்லாமல் கொள்ளாமல் எலும்போடு வந்துவிட்டார். எலும்பு காயப்போட்ட தார்ப்பாய்ப் படங்கின் ஓரத்தில் குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல். நடுவில் வெள்ளி அடைத்திருந்தது.

“மாடு பல்லு அடைக்கிறல்லயே, மொதலாளி” என்றார்.

நான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். வாட்டர்லூவில் செத்த சிப்பாய்களின் பல்லைப் பிடுங்கித்தான் பிரபுக்களுக்குப் பொய்ப்பல் கட்டினார்கள், பல்லைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. சுவரோரம் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். பிறகு குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “அல்லாஹ் மன்னிக்கோணும். நான் ஒண்டும் காணல்ல” என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்த எலும்பைக்கூட இறக்காமல் போனவர்தான், அதற்குப் பிறகு வரவேயில்லை. அவர் வாந்தியையும் நான்தான் கழுவிவிட வேண்டியிருந்தது.

பதினெட்டுச் சாக்கும் தூளாகி வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கமெல்லாம் போயிற்று. எந்தத் தோட்டம், எந்தப் பாத்தி என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வருடத்துக் கிழங்கும் லீக்ஸும் கொழும்பு வரைக்கும் போயிருக்கும். நீங்களும் தின்றிருப்பீர்கள். முகத்தைத் திருப்பாதீர்கள் சேர். பசித்தபோது யாரும் திருப்பவில்லை.

நான் செய்த பிழை ஒன்று உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆலையில் இரும்பைப் பிடிக்கிற காந்தத்தில் பழைய தகரச் சீட்டுகள் பத்துப் பன்னிரண்டு மாட்டின. பெரும்பாலும் துருப்பிடித்தவை. அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றும்போது, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்பதற்கு நம்பர் அடித்த தகரத்தைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள், பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி. இவ்வளவு அருமையான துணுக்கு கையில் கிடைத்து, அதற்குச் சாட்சியும் கையிலேயே இருக்க, நான் எப்படிச் சும்மா இருப்பேன்? இரண்டு வருடம் பொறுத்தேன். பிறகு கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு விரித்து அடுக்கிவைத்துப் பலகையிலும் எழுதிவிட்டேன். நடுவில் வைத்தது கௌசிகாவின் மூட்டையில் இருந்தது. அதில்தான் நம்பர் துலக்கமாக இருந்தது.

கண் கிளினிக்குக்கு வந்த பூவம்மா என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்குள் வந்தார். கண்ணில் புகை படர்ந்து, பக்கத்தில் நிற்பவரையும் குரலால்தான் மட்டுக்கட்டுகிறார். பெட்டியில் என்ன என்று கேட்டார். அவருக்குக் காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். நானே எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

“இது எங்க புள்ளையோடதுங்க” என்றார். “ஓரத்துல கடிச்சு வச்ச பல்லுத் தடம் இருக்கு பாருங்க. நாலு வயசுல கடிச்சது. ஆத்துல கரைச்சதா சொன்னீங்களே ஐயா.”

“கரைத்தேன் பூவம்மா. இது மட்டும் மிதந்தது. ஞாபகத்துக்கு எடுத்து வந்தேன்.”

“தகரம் மிதக்குமாங்க?”

நான் பெட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினேன். அவர் அதை நான் வச்சுக்கிறேங்க என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கிப் போனார்.

பூவம்மாவின் மகன் கிரிஷாந்தனுக்குக் கொழும்பில் வேலை. அந்த வாரமே வந்தார். தகரத்தையும் என் ஆலையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை. ஆலைக்கு யார் எலும்பு கொடுத்தது என்று விசாரித்து ஜௌபரைப் பிடித்திருக்கிறார். இரண்டு வருடம் வாயை மூடியிருந்த மனிதர் பொடியன் காலைப் பிடித்துக்கொண்டு அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிரிஷாந்தனும் தம்பையாவும் கடைக்கு வந்தார்கள். தம்பையா என்னைப் பார்க்கவேயில்லை. சாக்கு நிரப்பிய தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தயும் வித்துட்டீங்களா?” என்று கிரிஷாந்தன் கேட்டார்.

“உங்கள் தங்கையை விற்கவில்லை” என்றேன்.

அது உண்மை. அவர் அதற்கு மேல் கேட்காமல் உங்களிடம் வந்துவிட்டார். கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். இப்போது பூவம்மாவின் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

வெலிமடையில் எனக்குச் சொந்தமாக அரை ஏக்கர் உண்டு. புதுப் பசளை வந்தால் அங்கே போட்டுக் காட்டித்தான் விவசாயிகளுக்கு விற்பேன். பதினெட்டுச் சாக்கும் முடிந்தபின் ஆலையை மூன்று தரம் கழுவினேன். மற்றவர்களின் தூள் ஒரு சிட்டிகைகூட மிஞ்சாத மாதிரிக் கழுவினேன். பிறகு கௌசிகாவை மட்டும் தனியாக அரைத்தேன். எட்டு வருடம் மண்ணில் கிடந்தும் கெட்டியான எலும்பு, நல்ல பிள்ளை. யாரையும் தொடவிடவில்லை, நானே கையுறை போட்டுக்கொண்டு வெலிமடைத் துண்டின் மேல்பக்கத்து ஒரே பாத்தியில் தூவினேன். அதில் கரட் போட்டேன். இரண்டாயிரத்து இருபத்திரண்டு சித்திரையில் விளைந்தது. அந்தச் சித்திரை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாவு இல்லை, காஸ் இல்லை, டீசல் இல்லை; லயத்தில் ஒருநேரம் ரொட்டி சுட்டால் மறுநேரம் வெறும் தேயிலைச் சாயத் தண்ணீர்.

வேறொருவன் என்றால் அந்தக் கரட்டைச் சந்தைக்கு அனுப்பி அள்ளியிருப்பான். நான் அனுப்பவில்லை. யார் வீட்டுப் பொருளோ அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது என் நியாயம். வாரம் ஒரு பை, தம்பையா கையில் கொடுத்துப் பூவம்மாவுக்கு அனுப்பினேன். ஏழு வாரம். ஒவ்வொன்றும் கைமொத்தம், நல்ல சிவப்பு. மூன்றாவது வாரம் தம்பையா வந்து சொன்னார்: “இந்த மாதிரி இனிப்பா ஆயுசுல தின்னதில்லயாம்ங்க. ஐயா வீட்டு புள்ளைங்க நல்லாருக்கணும்னு வெளக்கு ஏத்துது. பச்சையாவே கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.” அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே அந்த அம்மாவை வெலிமடைக்குக் கூட்டிப்போய் மண் தோண்ட வைக்காதீர்கள். அங்கே இப்போது லீக்ஸ் நிற்கிறது, மண்ணில் மிச்சம் என்று ஒன்றும் இராது. வாங்கில் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே அவரிடம் எல்லாம் இருக்கிறது. மகளை ஒருவரோடும் கலக்காமல், ஒரு பிடிகூடக் குறையாமல் தாயிடம் சேர்த்துவிட்டேன். இதை அவரிடம் நீங்கள் சொல்வீர்களோ, நான் சொல்ல வேண்டுமோ, தெரியவில்லை. சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கென்று நான் ஒன்றும் எடுக்கவில்லை என்பதற்கு என் மனைவியையே சாட்சிக்கு விசாரிக்கலாம். முதல் வாரம் பையிலிருந்து இரண்டு கரட்டை எடுத்துக் கறிக்கு நறுக்கப் போனாள். நான் ஓடிப்போய்க் கையிலிருந்து பிடுங்கிப் பையில் திரும்பப் போட்டேன், அவள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவும் வைத்தேன். மனிதர் வாயில் வைக்கிற சாமானா இது என்று அவளிடம் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.